ஆணியே இல்லாத தேரா? பூரி தேர் பற்றி வாசகர் கேள்விகள்

ஆனி மாதம் பூரி ஜகந்நாதர் தேரோட்டத்தை டிவியில் காட்டினாலும் காட்டினார்கள், இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சாமியைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, தேரை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டவர்களே அதிகம். அதனால் வழக்கமான சினிமா, அரசியல் கேள்விகளுக்கு இந்த இதழில் விடுமுறை.

கேள்வி: மூன்று தேரையும் ஒவ்வொரு வருடமும் புதிதாகச் செய்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா? நம்ப முடியவில்லை.
(ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: நெல்லையப்பர் தேரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நம்புவது கஷ்டம்தான். ஆனால் உண்மை. ஜகந்நாதருக்கு நந்திகோஷம், அண்ணன் பலபத்திரருக்குத் தாலத்வஜம், தங்கை சுபத்திரைக்குத் தர்பதலனம். மூன்றும் அட்சய திருதியை அன்று வெறும் மரக்கட்டைகளாகத்தான் கிடக்கும். ஆஷாட மாதம் வளர்பிறை துவிதியை அன்று ஓடியாக வேண்டும். நடுவில் இருப்பது ஏறக்குறைய இரண்டே மாதம். (நடுவில் அதிக மாதம் என்று பஞ்சாங்கத்தில் சேர்க்கிற கூடுதல் மாதம் வந்தால் ஒரு மாதம் சும்மா கூடுதலாகக் கிடைக்கும், 2015-ல் அப்படித்தான் கிடைத்தது.) அந்த இரண்டு மாதத்துக்குள் 16 சக்கரத்தோடு 44 அடி 2 அங்குல உயரத்தில் ஒன்று, 14 சக்கரத்தோடு 43 அடி 3 அங்குலத்தில் ஒன்று, 12 சக்கரத்தோடு 42 அடி 3 அங்குலத்தில் ஒன்று. கூட்டிப் பார்த்தால் 42 சக்கரம். பெரிய தேருக்கு மட்டும் 832 மரத்துண்டுகள் வேண்டும் என்று கணக்கு, அடுத்ததற்கு 763, தங்கையின் தேருக்கு 593.

எல்லாமே புதிது என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் மிகை. குதிரை பொம்மைகள், சாரதி, தேரின் பக்கங்களில் வைக்கிற தெய்வச் சிலைகள் போன்றவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்து மறுபடி பயன்படுத்துவது உண்டு. உடம்பு புதிது.

கேள்வி: என்ன மரம் போடுகிறார்கள்? தேக்குதானே?
(மரக்கடை வைத்திருக்கும் வாசகர், செங்கோட்டை)

பதில்: உங்கள் தொழில் கேள்வி. தேக்கு இல்லை. அங்கே ஃபாசி என்று ஒரு மரம், அதுதான் ராஜா, சக்கரத்துக்கு அதைத்தான் தேடுவார்கள். அதன் உறவு மரமான தௌரா இன்னொன்று. தௌராவை நம் மலைப்பக்கம் வெக்காலி என்பார்கள், அந்தக் காலத்தில் வண்டி அச்சுக்கும் கோடாலிக் காம்புக்கும் இதைத் தேடிப் போனவர்கள் இங்கேயும் உண்டு, உங்களுக்குத் தெரியாததல்ல. ஆசன் என்பது நம்ம கருமருது. இலவு, கடம்பு மாதிரி லேசான மரங்களும் பட்டியலில் இருக்கின்றன. சுமை தாங்குகிற இடத்துக்கு வைரம் பாய்ந்த மரம், மேலே போகப் போக லேசான மரம் என்கிற கணக்கு எல்லா ஊர்த் தச்சருக்கும் ஒன்றுதான்.

மரம் வருவது பெரும்பாலும் நயாகர் மாவட்டத்துத் தசபல்லா காட்டிலிருந்து. தசபல்லா ஒரு காலத்தில் தனி சமஸ்தானம், தேருக்கு மரம் கொடுப்பது அந்த ராஜாவின் கடமையாக இருந்தது. வெட்டிய கட்டைகளைத் தெப்பம் மாதிரி கட்டி மகாநதியில் மிதக்க விட்டு, பூரிக்குப் பக்கத்தில் பிடித்துக் கரையேற்றுவார்களாம். இப்போது லாரிதான். வசந்த பஞ்சமியிலிருந்தே கட்டைகள் வந்து இறங்க ஆரம்பித்துவிடும்.

கேள்வி: வருடத்துக்கு நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி மூன்று தேர் செய்து, ஒன்பது நாளில் பிரித்துப் போடுவது அநியாயமாகப் படவில்லையா உங்களுக்கு?
(ஒரு கல்லூரி மாணவி, கோவை)

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான், கோபப்பட மாட்டேன். சுமார் 865 கட்டைகள் என்று செய்திகளில் வரும். கட்டை வேறு, மரம் வேறு என்பதைக் கவனியுங்கள், ஒரு மரத்திலிருந்து ஒன்றுக்கு மேல் கட்டை கிடைக்கும். ஆனாலும் கவலை நியாயமானது. ஃபாசி மரம் சக்கரத்துக்கு ஆகிற பருமனுக்கு வளர ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும். வெட்டினது ஒரு தலைமுறை, நட மறந்ததும் அதே தலைமுறை என்றால் பேரன் காலத்தில் சக்கரத்துக்கு எங்கே போவது? இப்போதே தசபல்லாவில் மட்டும் கிடைப்பது போதாமல் வேறு மாவட்டங்களிலும் தேடுகிறார்கள். ஜகந்நாத வனத் திட்டம் என்ற பெயரில் தேருக்காகவே மரம் நடுகிற வேலையை ஒடிசா அரசு ஆரம்பித்து வைத்திருக்கிறது. நட்ட கன்று எத்தனை பிழைத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது, நடுவிழாப் போட்டோவில் இல்லை.

பிரித்துப் போடுவது பற்றி என் கருத்து வேறு. அதைக் கீழே திருவாரூர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், படித்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

கேள்வி: வரைபடமே கிடையாது, கண்ணளவில் செய்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பொறியியல் படிக்கிறேன், எனக்கு இது பொய்யாகத் தோன்றுகிறது.
(மாணவர், சேலம்)

பதில்: வரைபடம் கிடையாது என்பது சரி. கண்ணளவு என்பது தப்பு. அளவுகோல் இருக்கிறது, அங்கேயும் முழக்கோல்தான். முழம், விரற்கடை என்ற கணக்கில்தான் எல்லா நீளமும் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு தேருக்கும் ஒரு தலைமைத் தச்சர், அவர்களை மகாரணா என்பார்கள், அளவு அவர் மனசில் இருக்கிறது, கோல் அவர் கையில் இருக்கிறது. அப்பாவோடு களத்துக்கு வந்து கட்டை பிடித்த பையன் இருபது வருடத்தில் இருபது தடவை அதே தேரைப் பார்த்திருப்பான். நீங்கள் ஒரு பாடத்தை வருடாவருடம் தவறாமல் இருபது முறை பரீட்சை எழுதினால் புத்தகம் எதற்கு?

சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில்தான் எல்லா வித்தையும். நடுவில் குடம், குடத்தைச் சுற்றி ஆரக்கால்கள், வெளியே வட்டை. குடம் ஒரே உருளைக்கட்டை. அதைச் சுற்றிலும் சம இடைவெளியில் துளை போட வேண்டும். ஒரு துளை கொஞ்சம் சாய்ந்தாலும் அந்த ஆரக்கால் வட்டையைத் தொடும்போது விரற்கணக்கில் விலகி நிற்கும், சின்னத் தப்பு வெளியே போகப் போகப் பெரிதாகும். ஆரக்காலின் நுனியைக் குடத்துத் துளையை விட ஒரு நூல் தடிப்பாகச் சீவி, கொட்டாப்புளியால் அடித்து இறக்குவார்கள். லேசாகப் போய் உட்கார்ந்தால் அது உதவாத ஆரக்கால், முரண்டு பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். வட்டை ஒரே துண்டு அல்ல, வளைவாகச் செதுக்கிய துண்டுகளைச் சேர்த்து வட்டமாக்குவது. முடித்து நிறுத்தினால் ஆளை விட உயரம். இப்படி 42. அதிலும் பக்கத்துச் சக்கரத்துக்கும் இதற்கும் உயரம் கொஞ்சம் வித்தியாசப்பட்டால் போச்சு, உயரமான சக்கரமே மொத்தச் சுமையையும் தாங்கி முதல் நாளே விரிசல் விட்டுவிடும். அதனால் எத்தனை சக்கரம் என்பதை விட எத்தனை சக்கரம் ஒரே மாதிரி என்பதுதான் கஷ்டம்.

கோடையில் உற்சவ மூர்த்திகளைத் தெப்பத்தில் உலா விடுகிற சந்தன யாத்திரை முடிகிற நாளில் பௌன்ரி என்று ஒரு சடங்கு. சக்கரமும் அச்சும் சேர்கிற நாள் அது. அதற்கப்புறம்தான் மேல் கட்டுமானம் மளமளவென்று ஏறும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு அரசுப் பொறியாளர்கள் வந்து பார்த்துத் தகுதிச் சான்றிதழ் கொடுப்பதும் உண்டு.

கேள்வி: ஒரு ஆணி கூட அடிக்காமல் செய்கிறார்களாமே!
(மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், ஊர்கள் வேறு வேறு)

பதில்: களத்துக்குப் பக்கத்திலேயே கொல்லுப்பட்டறை போட்டு உலை ஊதிக்கொண்டிருக்கிறார்கள். ஓஜா மகாரணா என்கிற கொல்லர்கள் அங்கே காய்ச்சி அடிப்பது என்ன, தோசைக்கல்லா? சக்கரத்துக்கு இரும்புப் பட்டை, இணைப்புக்குப் பிடிப்புகள், முளைகள் எல்லாம் அவர்கள் வேலை. பழைய கட்டடம், பழைய கப்பல், பழைய தேர் எதைப் பற்றிப் பேசினாலும் "ஆணியே இல்லை" என்று சேர்த்துக்கொள்வது நமக்கு ஒரு வியாதியாகிவிட்டது. மரம் மரத்தோடு பூட்டிக்கொள்கிற மூட்டு வேலை அருமையானதுதான், அதைப் புகழ இரும்பைத் திட்ட வேண்டியதில்லை.

கேள்வி: தச்சர்கள் மட்டும்தானா? வேறு யார் யார் வேலை செய்கிறார்கள்? சம்பளமா, சேவையா?
(ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: எல்லாரையும் சேர்த்தால் 200 பேர் வரை. பூரி ராஜாவின் அரண்மனை முன்னால் பெரிய வீதியில் இருக்கும் திறந்தவெளிதான் பட்டறை, அதை ரத களா என்கிறார்கள், நம் களம்தான். தச்சர், கொல்லர் தவிர, உருவங்கள் செதுக்க ரூபகார், வண்ணம் தீட்ட சித்ரகார், மரம் அறுக்கிறவர்கள், தூக்கவும் நகர்த்தவும் போயிகள், துணிக்குத் தர்ஜிகள். ஒவ்வொன்றும் பரம்பரை உரிமை. கோயில் நிர்வாகம் பணம் கொடுக்கிறது, ஆனால் அவர்கள் தங்களைக் கூலியாள் என்று சொல்லிக்கொள்வதில்லை, சேவகர் என்பார்கள். வேலை நாட்களில் சைவச் சாப்பாடு, விரதக் கட்டுப்பாடு. வேலை தொடங்குவதே மூலவரிடமிருந்து ஆக்ஞை மாலை என்று பிரசாத மாலை வந்த பிறகுதான்.

பரம்பரை என்பதால் கைத்திறன் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது, சரி. அதே பரம்பரை வெளியே இருக்கிற ஆர்வமுள்ள ஒருவனை உள்ளே விடாது என்பதும் சரி. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். வருடத்தில் இரண்டு மாதம் தேர், மீதி பத்து மாதம் அந்தக் குடும்பத்துக்கு வயிற்றுப்பாடு என்ன என்பதை யாரும் கேட்பதில்லை. வெளித் தச்சு வேலைக்குத்தான் போக வேண்டும், படித்த பிள்ளை வேறு வேலைக்குப் போனால் அவனைக் குறை சொல்லவும் முடியாது.

துணியை விட்டுவிட்டேனே. மூன்று தேருக்குமாக 1,200 மீட்டருக்கு மேல் வேண்டும். சிவப்பு மூன்றுக்கும் பொது. அதோடு ஜகந்நாதருக்கு மஞ்சள், பலபத்திரருக்குப் பச்சை, சுபத்திரைக்குக் கறுப்பு. பக்கத்தில் பிப்பிலி என்று ஓர் ஊர், துணி மேல் துணி வெட்டித் தைக்கிற ஒட்டுத் தையலுக்குப் பேர் போனது. உங்கள் ஊர்ப்பக்கம் தேர்ச்சீலையும் தொம்பையும் தைக்கிறார்களே, அதே வேலைதான், பூவும் யானையும் மட்டும் ஒடிசா சாயலில் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஆழித்தேருக்கு முன்னால் பூரி தேர் எம்மாத்திரம்? 96 அடி சார், 96 அடி!
(திருவாரூர்க்காரன் என்று மட்டும் கையெழுத்து)

பதில்: உயரப் போட்டி என்றால் நீங்கள் ஜெயித்தாகிவிட்டது, வடத்தைக் கீழே வையுங்கள். ஆனால் அந்த 96 அடியில் சிற்பங்கள் நிறைந்த மரப்பகுதி 30 அடி அளவுதான், அதற்கு மேல் மூங்கிலும் துணியும் கலசமும். வருடாவருடம் கட்டிப் பிரிப்பது மேல்பகுதியை. கீழ்ப்பகுதி நிலையில் நிற்கிறது.

நமக்கும் அவர்களுக்கும் இருக்கிற வித்தியாசமே இங்கேதான். நாம் தேரைக் காப்பாற்றுகிறோம், அவர்கள் தேர் செய்கிற கையைக் காப்பாற்றுகிறார்கள். நம் ஊரில் ஒரு தேர் நூறு வருடம் நிற்கும், மழையிலும் வெயிலிலும் தகரக் கொட்டகைக்குள் நின்று கறையான் அரிக்கும், அச்சு முறியும், "தேர் ஓடவில்லை" என்று பத்து இருபது வருடம் ஊரே ஏங்கும். அப்புறம் ஒருநாள் திருப்பணிக்குழு போட்டு, ஸ்தபதியைத் தேடினால் பெரியவர் போய்ச் சேர்ந்திருப்பார், மகன் வீட்டுக் கதவு செய்துகொண்டிருப்பார். ஆழித்தேரே 1926-ல் எரிந்துபோய் மறுபடி செய்யப்பட்டதுதான். நீண்ட காலம் ஓடாமல் நின்று 1970-ல் ஓடியபோது ஊர் எப்படிக் கொண்டாடியது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

பூரியில் அந்த இடைவெளி வரவே முடியாது. வருடம் தவறாமல் உடைப்பதால் வருடம் தவறாமல் வேலை, வேலை இருப்பதால் கற்றுக்கொள்ள ஆள். அதற்காக நம் தேர்களையும் உடைத்து அடுப்பில் வைக்கச் சொல்லவில்லை. நம் மரத்தேரில் இருக்கிற சிற்பங்களை ஒரு வருடத்துக்காக யாரும் செதுக்க முடியாது, அது வேறு கலை, அதற்கு ஆயுள் வேண்டும். ஆனால் தேருக்கு ஒரு கோடி ஒதுக்குகிற நேரத்தில் அதைச் செய்கிறவரிடம் இரண்டு பையன்களைச் சேர்த்துவிட்டுச் சம்பளம் கொடுக்கவும் கொஞ்சம் ஒதுக்கினால் என்ன கெட்டுப்போகும்? திருப்பணிக்குழுவில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் யோசியுங்கள்.

கேள்வி: பிரித்த மரத்தை என்ன செய்வார்கள்?
(ஒரு வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: பெரும்பகுதி கோயில் மடைப்பள்ளிக்கு விறகாகப் போகும். அங்கே இன்றைக்கும் மண்பானை, விறகடுப்புதான். சக்கரங்களையும் சில பாகங்களையும் விலைக்குக் கொடுக்கிறார்கள், பக்தர்கள் வாங்கிப் போய் வைத்துக்கொள்வார்கள். 2025-ல் மூன்று தேரிலிருந்தும் ஒவ்வொரு சக்கரத்தை டெல்லி நாடாளுமன்ற வளாகத்தில் வைப்பது என்று முடிவானது.

பிரிப்பதற்கு முன்னாலேயே ஒரு சேதம் உண்டு, அது கூத்து. தன்னை விட்டுவிட்டு அண்ணன் தங்கையோடு மட்டும் கிளம்பிப் போன ஜகந்நாதர் மேல் லட்சுமிக்குக் கோபம். ஹேரா பஞ்சமி அன்று பல்லக்கில், தேர் போய்ச் சேர்ந்து நிற்கிற குண்டிசா கோயிலுக்கு வந்து, கேள்வி கேட்டு, திரும்பிப் போகும்போது நந்திகோஷத் தேரில் ஒரு மரத்துண்டை உடைக்கச் சொல்லிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் சந்து வழியாகப் போய்விடுவார். இரண்டு மாதம் செய்த மகாரணா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும், உடைப்பது முதலாளியம்மா.

கேள்வி: திருப்புவது எப்படி? முட்டுக்கட்டை போடுவார்களா?
(தேருக்குக் கட்டை போடும் குடும்பத்தைச் சேர்ந்தவர், மயிலாடுதுறை)

பதில்: உங்களை மாதிரி ஆள் கேட்பதுதான் சந்தோஷம். அவர்களுக்கு நம்மளவு திருப்பம் கிடையாது. சிங்க வாசலிலிருந்து குண்டிசா கோயில் வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர், அகலமான, அநேகமாக நேரான பெரிய வீதி. நமக்கு நான்கு மாட வீதி, நான்கு முனையிலும் செங்குத்தாகத் திரும்பியாக வேண்டும். ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டையைச் சொருகி, பக்கவாட்டில் சறுக்க விட்டு, விரல் போகாமல் கையை இழுத்துக்கொள்கிற வேலை உங்கள் குடும்பத்துக்குத் தெரியும். திருவாரூரில் 1989-க்குப் பிறகு திருச்சி பெல் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கிறது, அப்படியும் கட்டை போடுகிறவர்கள் இல்லாமல் தேர் நகராது. பூரியில் தேரைத் திரும்பி வருகிற திசைக்கு நிறுத்துவதையே தட்சிண மோட என்று தனியாக ஒருநாள் வைத்துச் செய்கிறார்கள்.

இழுக்கிறவர்களுக்கு உற்சாகம் கொடுக்கத் தேர் மேல் டாஹுக்கா என்று ஒருவர் நிற்பார். அவர் பாடுவது அந்தக் காலத்தில் கொஞ்சம் பச்சையாகவே இருக்கும், இப்போது அடக்கி வாசிக்கச் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: பூரி ராஜா தேரைப் பெருக்குவதற்கும் எங்கள் காஞ்சிபுரத்துக்கும் என்ன சம்பந்தம்? மாமா ஏதோ சொன்னார், பாதியில் ரயில் வந்துவிட்டது.
(ஒரு வாசகி, காஞ்சிபுரம்)

பதில்: ரயில் விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். தேர் கிளம்பும் முன் கஜபதி என்று பட்டம் கொண்ட பூரி ராஜா மேலேறி, தங்கப் பிடி போட்ட துடைப்பத்தால் தேர்த் தட்டைப் பெருக்குவார், சேரா பஹன்ரா என்று அதற்குப் பெயர். 15-ஆம் நூற்றாண்டில் புருஷோத்தம தேவர் என்ற கஜபதி காஞ்சி இளவரசி பத்மாவதியைப் பெண் கேட்டதாகவும், "பெருக்குகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன்" என்று காஞ்சி ராஜா சொல்லிவிட்டதாகவும் ஒடிசாவில் கதை. அவமானப்பட்ட ராஜா படையெடுத்து ஜெயித்து, இளவரசியைக் கொண்டுவந்து, "இவளை ஒரு துப்புரவுக்காரனுக்கே கட்டி வை" என்று மந்திரியிடம் சொன்னாராம். மந்திரி புத்திசாலி, தேரோட்டம் வரை காத்திருந்து, ராஜா துடைப்பத்தோடு நிற்கிற நேரம் பார்த்துப் பெண்ணைக் கூட்டிவந்து, "உங்களை விட நல்ல துப்புரவுக்காரர் எங்கே கிடைப்பார்?" என்றார். கல்யாணம் நடந்தது. அந்தப் படையெடுப்பில் கொண்டுபோனதாகச் சொல்லும் காஞ்சிப் பிள்ளையார் இன்னும் பூரி கோயிலுக்குள் இருக்கிறார். உங்கள் ஊர்க்காரர், போனால் விசாரித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: கொரோனா வருடம் தேர் செய்தார்களா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: செய்தார்கள். ஓடுமா என்பது தெரியாமலே செய்தார்கள். 2020 ஜூன் 18 அன்று உச்ச நீதிமன்றம் கூடாது என்றது, 22-ஆம் தேதி நிபந்தனைகளோடு சரி என்றது, 23-ஆம் தேதி தேர். பக்தர் கூட்டம் இல்லாமல் சேவகர்களே இழுத்தார்கள். செய்து முடித்துவிட்டு அந்த நான்கு நாள் களத்தில் உட்கார்ந்திருந்த தச்சர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு தேரில் எது பெரிது என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
(திருவாரூர்க்காரன், இரண்டாவது கடிதம்)

பதில்: மாட்டேன்.

கேள்வி: தேரோட்டக் கூட்டம் எனக்கு ஆகாது. செய்வதை மட்டும் போய்ப் பார்க்க முடியுமா?
(மூட்டுவலி உள்ள வாசகி, சென்னை)

பதில்: தாராளமாக. நீங்கள் போக வேண்டியதே அப்போதுதான். வைகாசிக் கடைசியில் போனால் சக்கரங்கள் முடிந்து மேல்கட்டு ஏறுகிற சமயமாக இருக்கும். களம் பொது வீதியை ஒட்டியது, டிக்கெட் எதுவும் இல்லை, கயிறு கட்டின இடத்துக்கு வெளியே நின்று பார்க்கலாம். செருப்போடு கட்டைகளை மிதித்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள், அவர்களுக்கு அது ஏற்கெனவே சாமி. ஹவுரா மெயிலில் ஏறினால் குர்தா ரோட்டில் இறங்கி வேறு ரயில் மாறலாம், அங்கிருந்து பூரி 45 கிலோமீட்டருக்கும் குறைவு. காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், அந்த ஊர் வெயிலும் புழுக்கமும் நம்ம சென்னையைத் தோற்கடிக்கும். மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப் போனால் முழங்காலுக்கு நல்லது.